கோடு தாண்டிய சிவப்பு

ஆறு நாளாக அந்த வீட்டில் கடிகாரத்தைப் பார்த்ததைவிடத் தெர்மாமீட்டரைப் பார்த்ததுதான் அதிகம்.

மூன்றாவது மாடி வீட்டின் ஏழு வயதுச் செல்லத்துக்கு, வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிற அந்தப் பெண்ணுக்கு, சின்னம்மை கண்டிருந்தது. நாலாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது. கொப்புளங்கள் வாடிப் பொருக்குத் தட்ட ஆரம்பித்தன. வாலு கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாக எண்ணி, "மொத்தம் இருநூத்திப் பதினாலு. முதுகுல இருக்கறது கணக்குல வரலை" என்று அறிவித்தாள். வீடு மூச்சு விட்டது.

விடாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி வாலுவின் அம்மா. தையற்காரி. முன்னறையையே கடையாக்கி, ஒரு பள்ளிக்கூடத்தின் பேண்டு வாத்தியக் குழுவுக்கு நாற்பது கோட்டுகள் தைத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொருத்தி வாலுவின் அத்தை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. தம்பி மகளுக்கு உடம்பு சரியில்லை என்றதும் லீவு போட்டுவிட்டு, பயிற்சிக் காரையும் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியவள்.

மூன்று நாளைக்கு முன்னால் அத்தை, "பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கறப்ப மிஷின் மிதிக்கற அம்மாவை இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

"வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தவங்க இப்ப வீட்டை ஓட்டவும் கத்துக்குடுக்க வந்துட்டாங்க" என்றாள் அம்மா.

அன்றோடு பேச்சு நின்றது. எது சொல்வதானாலும் பிள்ளை வழியாகத்தான். "வாலு, பால் ஆறுதுன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு." "வாலு, எனக்குக் காது கேக்குதுன்னு உன் அத்தைகிட்ட சொல்லு." வாலுவுக்கு இது பெரிய பதவி. இரண்டு பக்கமும் போய் வந்து, சொல்லாததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் திரும்பி வந்தது. ஆறாம் நாள் காலையில் வாலு தரையில் வலது காலை ஊன்ற மாட்டேன் என்றாள்.

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தார். அவருக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்யும் வேலை. ஊரெல்லாம் லிஃப்டைச் சரிபண்ணும் மனுஷன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க மேலே ஏறி வந்து மகளைக் கட்டிலில் விட்டார்.

"தொடையில ஒரு பொருக்கைச் சொறிஞ்சிருக்கா. அது பழுத்திருக்காம். சிரப் எழுதிக் குடுத்திருக்காரு. ரெண்டு நாள் கழிச்சுக் காட்டச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு, வேலைப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பத்தரை மணிக்கு அம்மா கட்டில் விரிப்பை மாற்றப் போனாள். விரிப்பின் ஓரம் வாலுவின் தொடையில் லேசாக உரசியது.

வாலு அலறினாள்.

அடம் பிடிக்கிற அழுகை அம்மாவுக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்த அழுகை தெரியும். இது இரண்டிலும் சேராதது. மிஷினில் விரல் மாட்டிக்கொண்ட பெண் ஒருத்தி முன்பு வேலை பார்த்த கடையில் இப்படித்தான் கத்தினாள்.

குனிந்து பார்த்தாள். வலது தொடையின் வெளிப்பக்கம். நடுவில் நகம் பட்ட ஒரு பொருக்கு. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பு. தோல் கொஞ்சம் மினுமினுப்பாக இருந்தது. அவ்வளவுதான். இதற்கா இப்படி ஒரு அலறல்?

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பார்ப்பதற்கு இத்தனை சின்னதாக இருக்கிற ஒன்று இப்படி வலிக்கலாமா?

கறை பட்ட துணி கடைக்கு வந்தால் கறையைச் சுற்றி முதலில் ஒரு கோடு போட்டுக்கொள்வாள். எதுவரை இருந்தது என்று பிறகு தெரிய வேண்டுமே. கை தானாகப் பேனாவைத் தேடியது. சிவப்பு முடிகிற இடத்தில், தோலில் பட்டும் படாமலும், வளைத்து ஒரு கோடு போட்டாள். வாலு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மிஷினில் போய் உட்கார்ந்தாள். ஒரு கோட்டின் இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தாள். மறுபடியும் அதையே செய்தாள்.

பதினொன்றரைக்கு எழுந்து போய்ப் பார்த்தபோது சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை போயிருந்தது.

கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். போன மாதம்தான் வாலுவுக்கு ஒரு அரைக்கால் சட்டை தைத்தாள். தொடை முப்பத்துநாலு சென்டிமீட்டர். இடது காலை அளந்தாள். அதே முப்பத்துநாலு. வலது காலுக்கு அடியில் டேப்பை நுழைக்கும்போது வாலு விரிப்பைப் பிடித்து முறுக்கினாள்.

முப்பத்தொன்பது.

டேப் மேலே பட்டாலே கிச்சுகிச்சு என்று நெளிகிற பிள்ளை. இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"அண்ணி! கொஞ்சம் இங்க வாங்க."

மூன்று நாளுக்குப் பிறகு நேராக வந்த முதல் வார்த்தை. சமையலறையில் அத்தைக்கு ஒரு நிமிடம் அது யார் குரல் என்றே புரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"காலையில நான் போட்ட கோடு இது. சிவப்பு இப்ப எங்க இருக்கு பாருங்க. அஞ்சு சென்டிமீட்டர் வீங்கியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இரும்மா. பதறாதே. என் பசங்க மூணு பேருக்கும் அம்மை வந்துச்சு. நடுவுலவன் சொறிஞ்சு சொறிஞ்சு முதுகெல்லாம் சீழ் வச்சுது. தானா ஆறிப்போச்சு. காலையிலதானே டாக்டர் பாத்திருக்காரு? மருந்து ஒரு வேளைதான் உள்ள போயிருக்கு."

"இது தானா ஆறற மாதிரி எனக்குத் தெரியலை."

"சரி, நானே ஒரு கோடு போடறேன். பதினஞ்சு நிமிஷம் பாப்போம். தாண்டுச்சுன்னா நானே வண்டி எடுக்கறேன். போதுமா?"

அத்தை பேனாவை வாங்கி, முதல் கோட்டுக்கு வெளியே இரண்டாவது கோடு போட்டாள். மணி பதினொன்று நாற்பது.

அம்மா வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. அவர் கம்பெனிக்குச் செய்தாள். "அவரு லிஃப்ட் குழிக்குள்ள இறங்கியிருக்காருங்க. உள்ள சிக்னல் கிடைக்காது. மேல வந்ததும் சொல்றோம்" என்றார்கள்.

வாலு வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த சிரப்பின் வாசனை வந்தது. முகத்தைத் துடைக்கக் கையைப் பிடித்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெற்றி தகித்தது. கை ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தாள். பாதமும் அப்படியே.

"அத்தை" என்றாள் வாலு, மெல்லிய குரலில்.

"என்னடா கண்ணு?"

"ஏன் லைட்டை அணைச்சிட்டீங்க?"

ஜன்னல் திறந்திருந்தது. நடுப்பகல் வெயில் கட்டிலின் மேல் பளீரென்று விழுந்திருந்தது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை குனிந்து தொடையைப் பார்த்தாள். கீழ்ப்பக்கத்தில் சிவப்பு இரண்டாவது கோட்டையும் தாண்டியிருந்தது. பொருக்கைச் சுற்றி, சற்று முன் இல்லாத ஒரு ஊதா நிறம் வந்திருந்தது. மணி பதினொன்று ஐம்பது. பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அத்தை பேனாவைக் கீழே போட்டாள். விரிப்போடு பிள்ளையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வலிக்காரி. மூன்று மாடியையும் அவள் இறங்கிய வேகத்தில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது.

பயிற்சிக் காரின் தலையில் 'பழகுபவர்' என்ற பலகை. சாதாரண நாளில் அதைப் பார்த்தால் எல்லோரும் ஹாரன் அடித்து முந்திப் போவார்கள். இன்று அந்தக் கார் எல்லோரையும் முந்தியது. "கண்ணாடியைப் பாரு, சிக்னல் போடு, அப்புறம் திரும்பு" என்று மாணவர்களின் உயிரை வாங்குகிற அத்தை, எதையும் பார்க்காமல் திரும்பினாள்.

பின் ஸீட்டில் அம்மா, "வாலு, தூங்காதே. எத்தனை கொப்புளம்னு சொல்லு. சொல்லு கண்ணு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"இருநூத்தி..." என்றாள் வாலு. அதோடு நிறுத்திவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி முகத்துப் பொருக்குகளைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தான். "அம்மையா? இந்தப் பக்கம் வராதீங்க. உள்ள கர்ப்பிணிகள் எல்லாம் உக்காந்திருக்காங்க. அங்க ஓரமா நில்லுங்க, நர்ஸைக் கூப்பிடறேன்."

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் நிமிடங்கள் ஓடின.

"ஏய்ய்! யாராவது வாங்க! பிள்ளை போகுது!" என்று அத்தை ஒரு குரல் கொடுத்தாள். நடுரோட்டில் மாணவன் பிரேக்கை மறந்தால் வருகிற குரல். பக்கவாட்டுக் கதவு திறந்து நர்ஸ் ஒருத்தி முகமூடியை மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

அவள் வாலுவின் தொடையில் இருந்த இரண்டு நீலக் கோடுகளைப் பார்த்தாள். "இது எப்பப் போட்டது?"

"உள்ள இருக்கறது பத்தரை மணி. வெளிய இருக்கறது பன்னெண்டுக்கு இருபது நிமிஷம் முன்னாடி" என்றாள் அம்மா.

நர்ஸ் வாலுவின் விரல் நகத்தை அழுத்தி விட்டு வாய்க்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. வெளுத்த நகத்தில் ரத்தம் அப்புறம்தான் திரும்பி வந்தது. அவள் உள்ளே திரும்பிப் போட்ட சத்தத்தில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள்.

தனியறை. இரண்டு கையிலும் ஊசி. பிரஷர் இறங்கியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ஒரு பாட்டில் சலைன் கண்ணெதிரே காலியாகி, அடுத்தது ஏறியது. குழந்தைகள் டாக்டர், தொண்டை கட்டிய குரலில், கைவேலையை நிறுத்தாமல் கேள்வி கேட்டாள்.

"அம்மைக்குத் தடுப்பூசி போட்டீங்களா?"

"இல்லை... வீடு மாறினப்ப தள்ளிப்போச்சு. அப்புறம் போடலாம்னு..." என்றாள் அம்மா.

"என்னென்ன மருந்து குடுத்தீங்க?"

"காய்ச்சலுக்குப் பாரசிட்டமால். காலையில இருந்து இந்தச் சிரப். வேற ஒண்ணும் இல்லை."

"இருக்கு" என்றாள் அத்தை.

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் ஒரு தடவை. இன்னிக்கு விடிகாலையில ஒரு தடவை. என் பையில வலிக்குக் குடுக்கற மருந்து ஒண்ணு வச்சிருந்தேன். என் பசங்களுக்குக் குடுக்கறதுதான். கால் வலிக்குதுன்னு அழுதா. மனசு கேக்கலை." கைப்பையைத் துழாவிப் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் லேபிளைப் படித்தாள். "இபுப்ரோஃபென். அம்மை இருக்கறப்ப இது வேணாம்னு சொல்லுவோம். இந்த மாதிரி கிருமி தாக்கினா இது நிலைமையை மோசமாக்கலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. வலியையும் கொஞ்சம் மறைச்சிடும். இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. கிட்னியை நாங்க இன்னும் கவனமாப் பாக்கணும்."

அத்தை சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டாள்.

அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். தொடையை இரண்டு விரலால் தொட்டார். வாலு முனகினாள். கோடுகளையும் ஊதா நிறத்தையும் பார்த்தார். அம்மாவை வெளியே அழைத்து வந்து, நின்றபடியே பேசினார்.

"அம்மை நிறைய பிள்ளைகளுக்கு வந்துட்டுத் தானாப் போயிடும். எப்பவாவது ஒரு பிள்ளைக்கு, பொருக்கு உடைஞ்ச இடம் வழியா ஒரு கிருமி தோலுக்கு அடியில இறங்கிடும். மேல பாத்தா கொஞ்சம் சிவப்புதான் தெரியும். அடியில தசையைச் சுத்தி இருக்கற சவ்வு வேகமா அழுகிக்கிட்டே போகும். மருந்து அங்க போய்ச் சேராது. நான் திறந்து, கெட்டுப்போனதை எல்லாம் எடுக்கணும். இப்பவே."

"எவ்வளவு எடுப்பீங்க?"

"நல்ல ரத்தம் வர்ற இடம் வரைக்கும்."

"டாக்டர்... கால்?"

அவர் மழுப்பவில்லை. "முதல்ல உயிர். அப்புறம் கால். ரெண்டையும் காப்பாத்தத்தான் அவசரப்படறேன்."

நாள் முழுக்க வெட்டுவதும் தைப்பதுமாக இருக்கிற அம்மாவுக்கு ஆபரேஷனுக்கான சம்மதத் தாளில் தன் பெயரை எழுத வரவில்லை. முதல் எழுத்தைப் போட்டுவிட்டு நின்றாள். அத்தை அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். அம்மா கையை உதறிக்கொண்டாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே போய்க் கதவு மூடிய கால் மணி நேரத்தில் அப்பா ஓடி வந்தார். கையெல்லாம் கிரீஸ். நெற்றியிலும் ஒரு கிரீஸ் கோடு.

"அக்கா, என்னக்கா ஆச்சு? காலையில டாக்டர் ஒண்ணுமில்லைன்னுதானே..."

அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். மருந்து கொடுத்ததையும் சொன்னாள். அதை மட்டும் தம்பியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அப்பா தரையில் உட்கார்ந்தார். கிரீஸ் கையால் எதைத் தொடுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் முழங்கால் மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் போனது. நடைவழியில் யாரோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கீச்கீச்சென்றது.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றாள் அம்மா திடீரென்று. "மருந்து குடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வலி மருந்து உள்ள போயும் இப்படிக் கத்துதேன்னு நான் அப்பவே கிளம்பியிருப்பேனே."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்ற மாதிரியா நாம ரெண்டு பேரும் இருந்தோம்?"

விடிகாலையில் பிள்ளையின் அறையில் விளக்கு எரிந்ததை அம்மாவும் பார்த்திருந்தாள். அத்தைதானே, நாம் ஏன் போய்க் கேட்க வேண்டும் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மணி நாலரை ஆனபோது அறுவை சிகிச்சை டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள்.

"கால் இருக்கு" என்றார் முதலில். "இடுப்புக்குக் கீழ இருந்து முழங்காலுக்கு மேல வரைக்கும் திறக்க வேண்டியிருந்தது. கெட்ட பகுதியை எடுத்திருக்கோம். தசை நல்லா இருக்கு. காயத்தைத் தைக்காம திறந்தே வச்சிருக்கோம். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு மறுபடி உள்ள பாக்கணும். பரவாம இருந்தா நல்ல சேதி. இன்னிக்கு முழுக்கத் தூக்க மருந்துலதான் இருப்பா, மெஷின்தான் மூச்சுக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் வீட்டுல வச்சிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்பேன்."

அப்பா அவரைக் கும்பிடக் கையைத் தூக்கி, கிரீஸைப் பார்த்துத் தாழ்த்தினார்.

கை கழுவிவிட்டு வந்த அப்பாவைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒரு நர்ஸ் நிறுத்தினாள். கையில் ஒரு படிவம். "உள்ள போறவங்க எல்லாரும் சொல்லணும். சின்ன வயசுல உங்களுக்கு அம்மை வந்திருக்கா?"

"வந்துச்சு" என்றாள் அம்மா.

"எனக்கும் வந்துச்சு" என்றாள் அத்தை.

"எனக்கும் வந்திருக்கும்" என்றார் அப்பா.

"இல்லடா" என்றாள் அத்தை. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் அவள் முகத்தில் ஓடியது. "உனக்கு வரலை. எனக்கு வந்தப்ப உன்னை வேற வீட்டுல விட்டுட்டாங்க. அப்புறமும் உனக்கு வரவே இல்லை."

நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். "பிள்ளைக்குக் கொப்புளம் கண்டு ஆறு நாள். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தொத்தும். அப்ப இன்னியோட எட்டு நாள் ஆகுது. உங்களுக்கு உள்ளுக்குள்ள வந்துகிட்டு இருக்கலாம் சார். வெளிய தெரியறதுக்கு முன்னாடியே நீங்க மத்தவங்களுக்குப் பரப்பலாம். உள்ள எதிர்ப்பு சக்தியே இல்லாத பிள்ளைங்க இருக்காங்க. உங்களை விட முடியாது. இப்ப ரத்தம் எடுத்துக்கறோம். எதிர்ப்பு சக்தி இருக்கான்னு நாளைக்குத் தெரியும்."

"ஒரு நிமிஷம்மா. பாத்துட்டு உடனே..."

"முடியாது சார்."

அவர் சண்டை போடவில்லை. அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரே நாளில் இரண்டு முறை உண்மை பேச வேண்டியிருந்தது அவளுக்கு.

அம்மா மட்டும் மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெளிச் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. அதன் இரண்டு பக்கமும் ஒரு டெலிபோன். அப்பா அந்தப் பக்கம் நின்று போனை எடுத்தார்.

"எப்படி இருக்கா?"

"குழாய் போட்டிருக்காங்க. கண்ணு மூடியிருக்கு." அம்மா கட்டில் பக்கம் கையை நீட்டி மகளின் வலது பாதத்தைத் தொட்டாள். "பாதம் கதகதப்பா இருக்குங்க. விரலெல்லாம் சிவப்பா இருக்கு."

"கையைப் பிடிச்சியா?"

"ஊசி இருக்கு. விரலைப் பிடிச்சிருக்கேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையசைத்தார். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் அத்தை, உள்ளே போக அனுமதி இருந்தும் போகாமல், தம்பிக்குத் துணையாக நின்றாள்.

"முழிச்சதும் என்னைத்தான் கேப்பா" என்றார். "அப்பா ஏன் வரலைன்னு கேப்பா. என்ன சொல்லுவ?"

அம்மா மெஷினைப் பார்த்தாள். அது தள்ளிய காற்றில் மகளின் நெஞ்சு ஏறி இறங்கியது.

"முதல்ல அவ முழிக்கட்டும்ங்க" என்றாள்.